ரூகர் 10/22-க்கு மேக்புல் ஹண்டர் எக்ஸ்-22 கட்டை: நீளத்தைவிடக் கன்னத்தின் உயரமே முக்கியம்

ரூகர் நிறுவனம் 1964-இல் சந்தைக்குக் கொண்டுவந்த 10/22 என்னும் .22 ரைஃபிள், அமெரிக்காவில் குறி சுடப் பழகுகிறவர்கள் பலருக்கு இன்றும் முதல் துப்பாக்கியாக இருந்துவருகிறது. விலை அதிகமில்லை, தோட்டா மலிவு, தோளில் உதைப்பு ஏறக்குறைய இல்லை, பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் சுழல் மேகசின் கட்டைக்குள்ளேயே துருத்தாமல் அடங்கிவிடுகிறது. இத்தனை நல்ல குணங்கள் இருந்தும், வழக்கமான கார்பைன் மாடலின் கட்டை, அதாவது தோளில் பதித்துப் பிடிக்கும் ஸ்டாக், ஒரே அளவில்தான் வருகிறது. விசையிலிருந்து தோள்முனை வரை 13.5 அங்குலம். கன்னம் பதியும் மேல்விளிம்போ, துப்பாக்கியோடு வரும் இரும்புக் குறிகளின் வழியாகப் பார்ப்பதற்கு ஏற்றபடி தாழ்வாக அமைந்திருக்கிறது. டெக்சாஸில் வசிக்கும் எங்கள் வீட்டில் இந்த ஒரே துப்பாக்கியை நானும் என் மனைவியும் பதின்மூன்று வயது மகளும் பயன்படுத்துகிறோம். மூவருக்கும் கை நீளம் வேறு, கழுத்து நீளம் வேறு. ஆகவே அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டை ஒன்றைத் தேடி, கடைசியில் மேக்புல் நிறுவனத்தின் ஹண்டர் எக்ஸ்-22 கட்டையை வாங்கிப் பொருத்தினோம். அதைப் பற்றிய மதிப்புரை இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டை நன்றாக இருக்கிறது. கொடுத்த பணத்துக்குக் குறைவில்லாத பொருள். ஆனால் இந்தக் கட்டையை விற்பவர்கள் முன்னிறுத்துவது அதன் நீளத்தை 12.5 அங்குலத்திலிருந்து 14.5 அங்குலம் வரை மாற்றிக்கொள்ளலாம் என்பதைத்தான். ஸ்கோப், அதாவது குறி பார்க்க உதவும் தொலைநோக்கி, பொருத்திய துப்பாக்கிக்கு உண்மையில் பெரிய மாறுதலைத் தருவது நீளமன்று, கன்னம் பதியும் உயரம். அந்த உயரத்தைக் கூட்டித் தரும் ரைசர் துண்டுகள் கட்டையோடு வருவதில்லை. தனியாக வாங்க வேண்டும். ரைசர் இல்லாமல் இந்தக் கட்டையை வாங்கிப் பொருத்தி, ஸ்கோப்பையும் வைத்துக்கொண்டு, பழைய மரக்கட்டைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் பாதிப் பொருளை மட்டுமே வாங்கியவர்கள் என்பது என் கருத்து.

ஏன் கன்னத்துக்கு இத்தனை முக்கியத்துவம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இரும்புக் குறி இரண்டு புள்ளிகளால் ஆனது. கண் கொஞ்சம் விலகினாலும் முன்குறி பின்குறியின் பள்ளத்தில் நடுவில் நிற்கவில்லை என்பது உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஸ்கோப்பில் அப்படி இல்லை. கண் நடுக்கோட்டிலிருந்து விலகியிருந்தாலும் குறுக்குக்கோடு இலக்கின்மீது அழகாக நிற்பதுபோலவே காட்டும். இந்த ஏமாற்றுக்குப் பாரலாக்ஸ் என்று பெயர். ஸ்கோப் எந்தத் தொலைவுக்குப் பாரலாக்ஸ் சரிசெய்யப்பட்டிருக்கிறதோ அந்தத் தொலைவில் மட்டுமே இந்த ஏமாற்று இல்லாமல் போகும். .22 துப்பாக்கிகளுக்கென்று செய்யும் ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 50 கஜத்தை ஒட்டியும், பெரிய துப்பாக்கிகளுக்கானவற்றை 100 கஜத்துக்கும் அமைத்து அனுப்புகிறார்கள். நாம் சுடுவதோ 25 கஜம். முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள, 100 கஜத்துக்கு அமைக்கப்பட்ட ஸ்கோப் ஒன்றை 25 கஜத்தில் பயன்படுத்தினால், கண் முழுவதுமாக ஓரத்துக்கு விலகிய நிலையில் குறி 15 மில்லிமீட்டர் வரை தவறக்கூடும் என்று எளிய கணக்கே காட்டுகிறது. 50 கஜத்துக்கு அமைத்த ஸ்கோப்பாயின் அது 10 மில்லிமீட்டர். நாங்கள் பயிற்சிக்குப் போகும் ஆப்பிள்சீட் முகாம்களில் எதிர்பார்க்கும் துல்லியம் நான்கு கோணக்கலை, அதாவது 25 மீட்டரில் ஏறத்தாழ ஓர் அங்குல வட்டம். விசையை எவ்வளவு பதமாக இழுத்தாலும், மூச்சை எவ்வளவு அடக்கினாலும், அந்த வட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட தூரத்தைத் தலை வைக்கும் இடமே தின்றுவிட முடியும் என்றால், தலையை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற கட்டைக்கு என்ன மதிப்பு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மரக்கட்டையில் ஸ்கோப் வைத்துச் சுடும்போது என் மகளைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் இது நன்றாக விளங்கும். ஸ்கோப்பின் நடுக்கோடு இரும்புக் குறியின் கோட்டைவிட உயரத்தில் இருப்பதால், கன்ன எலும்பைக் கட்டையில் பதித்தால் அவளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. தலையை உயர்த்துகிறாள்; கன்னம் கட்டையை விட்டு எழும்பித் தாடையின் ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது. கழுத்துத் தசையின் பலத்தில் நிற்கும் தலை ஒவ்வொரு சூட்டுக்கும் சற்று மேலும் கீழுமாக அசைகிறது. பத்துத் தோட்டாக்கள் முடிவதற்குள் கழுத்தும் களைத்துப்போகிறது. முகாம் பயிற்றுநர்கள் கன்னத்தைக் கட்டையில் பதி என்று திரும்பத் திரும்பச் சொல்வது சரிதான். ஆனால் பதிக்க இடமே இல்லாத கட்டையைக் கையில் கொடுத்துவிட்டு அப்படிச் சொல்வதில் பயனில்லை.

இனிப் பொருத்தும் வேலை. 10/22-இன் கட்டையை மாற்றுவதற்குத் துப்பாக்கிப் பட்டறைக்காரர் தேவையில்லை. மேகசினைக் கழற்றி, தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, தோட்டா அறை காலியாக இருக்கிறது என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்ட பிறகே எதையும் தொடங்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றாலும் எழுதாமல் விட முடியாது. பிறகு போல்ட்டை முன்னே விட்டு, குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடித்திருக்கும் வளையத்தின் திருகைத் தளர்த்தி வளையத்தை முன்பக்கமாக உருவ வேண்டும். அடுத்தது மேகசின் குழிக்கு முன்னால் அடிப்பக்கத்தில் இருக்கும் ஒற்றைத் திருகு. முழுத் துப்பாக்கியும் கட்டையோடு நிற்பது இந்த ஒன்றில்தான். அதையும் எடுத்துவிட்டால் குழலைப் பிடித்து மேலே தூக்கினால் வந்துவிடும் என்று தோன்றும், வராது. குறுக்காகத் தள்ளும் பாதுகாப்புப் பொத்தான் ஏதேனும் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு கட்டையின் சுவரில் முட்டும். அதை இரண்டு நிலைகளுக்கும் நடுவில், இரு பக்கமும் சமமாக இருக்கும்படி நிறுத்திவிட்டு, குழலின் பக்கத்தை முதலில் உயர்த்தினால் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். மேசையில் ஒரு துணியை விரித்துக்கொள்வது நல்லது. விசைத் தொகுதியைப் பிடித்திருக்கும் இரண்டு ஊசிகளும் போல்ட் நிறுத்தி ஊசியும் திருகால் கட்டப்பட்டவை அல்ல. கட்டையின் சுவர்தான் அவற்றை வெளியே போகாமல் தடுத்துக்கொண்டிருந்தது. துப்பாக்கியைச் சற்றுச் சாய்த்தால் போதும், தரையில் உருண்டோடிவிடும்.

மேக்புல் கட்டையில் குழல் படுக்கும் இடத்தில் ஒரு தனித் தட்டு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் ரூகரின் வழக்கமான மெலிந்த குழலுக்கும், திருப்பிப் போட்டால் 0.920 அங்குலத் தடிமனுள்ள கனத்த குழலுக்கும் பொருந்தும். இது சிறு விஷயமாகத் தோன்றினாலும் நல்ல யோசனை. மரக்கட்டையில் மெலிந்த குழலுக்கு வெட்டிய பள்ளத்தைக் கனத்த குழலுக்காக அகலப்படுத்திவிட்டால் திரும்பப் போக முடியாது. இங்கே நாளைக்குக் குழலை மாற்ற விரும்பினாலும் கட்டையை மாற்ற வேண்டியதில்லை. பழைய வளையத்துக்கு இதில் வேலையில்லை. பின்பகுதியை முதலில் இறக்கி, பாதுகாப்புப் பொத்தானை மறுபடியும் நடுவில் நிறுத்தி, குழலைக் கீழே அமர்த்தி, அந்த ஒற்றைத் திருகை முடுக்கினால் வேலை முடிந்தது. எங்கள் துப்பாக்கி எங்கும் உரசாமல், ராவ வேண்டிய தேவையே இல்லாமல் உட்கார்ந்தது. திருகை எவ்வளவு முடுக்குவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கு அளவு காட்டும் திருப்புளியால் முடுக்குவதே முறை. ஒற்றைத் திருகில் நிற்கும் துப்பாக்கி என்பதால் அந்த இறுக்கம் மாறினால் தோட்டா விழும் இடமும் மாறும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அதே அளவில் முடுக்கினால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

நீளத்தை மாற்றுவது தோள்முனையில். ரப்பர் பட்டையைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளைக் கழற்றிவிட்டு, அரை அங்குலத் தடிமனுள்ள ஸ்பேசர் துண்டுகளை வேண்டியவரை சேர்த்தோ எடுத்தோ திரும்ப முடுக்க வேண்டும். உறுதியான அமைப்பு, ஆட்டமில்லை, கீச்சென்ற சத்தமில்லை. ஆனால் அளவு மாற்றக்கூடிய கட்டை என்ற பெயரைப் பார்த்து, பொத்தானை அமுக்கினால் நீண்டு சுருங்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இது ஒருவருக்காக ஒரு முறை அமைத்துக்கொள்ளும் கட்டை. மூன்று பேர் ஒரே நாளில் மாறி மாறிச் சுடும் எங்களைப் போன்றவர்களுக்கு இது உடனே உறைக்கும். மைதானத்தில் ஒரு வரிசை சுட்டு முடிந்து, இலக்குத் தாள்களைப் பார்க்க ஆட்கள் முன்னே போகும்போது யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது எங்கும் உள்ள விதி. அந்த இடைவேளையில் திருப்புளியோடு உட்கார்ந்து ஸ்பேசர் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. சுடும் நேரத்தில் மாற்றினால் சுடும் நேரம் போய்விடும். ஆகவே நடைமுறையில் ஒரு சமரசத்துக்கு வர வேண்டியிருந்தது. மூவரில் கை நீளம் மிகக் குறைந்த மகளின் அளவுக்கே கட்டையை அமைத்துவிட்டோம். நீளமான கையுள்ளவர் குட்டையான கட்டையைச் சமாளித்துவிடலாம். முழங்கையைச் சற்று அதிகமாக மடக்கினால் போதும். குட்டையான கையுள்ளவர் நீளமான கட்டையைச் சமாளிக்கவே முடியாது. தோளைப் பின்னுக்கு இழுத்து, இடுப்பை வளைத்து, துப்பாக்கியின் பாரத்தை முதுகில் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் சுடும்போது பின்பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால், துப்பாக்கி கனமாக இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும்; பெரும்பாலும் அது நீளத்தால் வரும் கோளாறு.

நீளத்தை அளக்க ஒரு பழைய முறையைக் கடைகளில் காட்டுவார்கள். தோள்முனையை முழங்கையின் மடிப்பில் வைத்து, சுட்டுவிரல் விசையை எட்டுகிறதா என்று பார்ப்பது. தொடக்கத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் அது முன்கையின் நீளத்தை மட்டுமே அளக்கிறது. கழுத்து நீளம், தோளின் அகலம், உடுத்தியிருக்கும் துணியின் கனம், எந்த நிலையில் சுடப்போகிறோம் என்பவை எதுவும் அந்தக் கணக்கில் வருவதில்லை. வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் கனத்த கோட்டு போட்டுச் சுடுகிறவர்களுக்கு அந்தக் கோட்டே கட்டையின் நீளத்தைக் கூட்டிவிடுகிறது. எங்கள் ஊர் வெயிலில் அந்தத் தொல்லை இல்லை. நான் நம்பும் சோதனை வேறு. சுடும் நிலையில் துப்பாக்கியைத் தோளில் பதித்த பிறகு, விசையை இழுக்கும் கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு விரல் இடம் இருக்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்வது. மூக்கு விரலில் இடித்தால் கட்டை குட்டை. முகத்தை நீட்டி நீட்டி முன்னே கொண்டுபோக வேண்டியிருந்தால் நீளம் அதிகம்.

நீளத்தை மாற்றுகிறவர்கள் பலர் மறந்துபோவது ஒன்று உண்டு. கட்டையின் நீளம் மாறினால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரமும் மாறிவிடும். கட்டையில் ஓர் அங்குலம் குறைத்தால் துப்பாக்கி முழுவதும் ஓர் அங்குலம் முகத்தை நோக்கி வருகிறது. ஸ்கோப்பை அந்த அளவுக்கு முன்னே தள்ள வேண்டும். .22 துப்பாக்கியில் உதைப்பு இல்லாததால் ஸ்கோப் புருவத்தில் இடிக்கும் ஆபத்து இல்லை. ஆனால் வட்டத்தின் ஓரத்தில் கறுப்பு நிழல் விழும். 10/22-இன் மேல்பகுதி குட்டையானது, ஸ்கோப்பைத் தாங்கும் தளமும் அதற்கேற்பக் குட்டையானது. வளையங்களை முன்னும் பின்னும் நகர்த்த அதில் அதிக இடமில்லை. கட்டையைக் கடைசிவரை குறைத்துவிட்டு ஸ்கோப்பை நகர்த்த இடமில்லாமல் நிற்பதைவிட, ஸ்கோப் எங்கே உட்காரும் என்பதை முதலில் பார்த்துவிட்டு நீளத்தை முடிவு செய்வது நல்லது. படுத்துச் சுடும்போது தலை இயல்பாகவே முன்னே போய்விடும், நின்று சுடும்போது பின்னே நிற்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நாங்கள் படுத்த நிலையில் முழு வட்டம் தெரியும்படி ஸ்கோப்பை வைத்தோம். அதிகம் சுடுவது அந்த நிலையில்தான் என்பது காரணம்.

இனிக் கன்ன ரைசர். மேக்புல் இவற்றைக் கால், அரை, முக்கால் அங்குல உயரங்களில் தருகிறது. இதே துண்டுகள் அந்த நிறுவனத்தின் ஷாட்கன் கட்டைகளுக்கும் பொருந்தும். கட்டையின் மேல்விளிம்பில் இருக்கும் பகுதியைக் கழற்றிவிட்டு இதை அமர்த்த வேண்டும். எது நமக்குச் சரி என்பதை அட்டவணை பார்த்துச் சொல்ல முடியாது. முகத்தின் அமைப்பும் ஸ்கோப் வளையத்தின் உயரமும் சேர்ந்துதான் முடிவு செய்யும். காலித் துப்பாக்கியோடு, பாதுகாப்பான திசையை நோக்கி, கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் பதித்து, கன்னத்தை முழுப் பாரத்தோடு கட்டையில் இறக்கிவிட்டு, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். தலையை அசைக்காமல் முழு வட்டமும் தெரிந்தால் உயரம் சரி. வட்டத்தின் ஓரத்தில் பிறை போன்ற கறுப்பு நிழல் தெரிந்தால், தலையை மெல்ல உயர்த்திப் பார்க்க வேண்டும். உயர்த்தும்போது நிழல் விலகினால் கட்டை தாழ்வு, கூடினால் உயரம் அதிகம். கண்ணைத் திறந்துகொண்டு இதைச் செய்வதில் பயனில்லை. தலை தானாகவே ஸ்கோப்பைத் தேடிப் போய்ச் சரிசெய்துகொண்டுவிடும், குறை வெளியே தெரியாது. என் மகளுக்கு முக்கால் அங்குலத் துண்டு பொருந்தியது, எனக்கு அரை அங்குலமே போதும். அவளுக்காக முக்காலையே வைத்துக்கொண்டோம். எனக்கு அது சற்று உயரம்தான். ஆனால் கன்னத்தை அழுத்திப் பதிப்பதற்கு அது ஒரு தடையாக இல்லை.

போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிகளுக்கு, அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டியவற்றுக்கு, இத்தகைய ரைசர் வைக்கும்போது ஒரு சிக்கல் வரும்: கன்னப்பகுதி மிக உயர்ந்துவிட்டால் போல்ட்டைப் பின்னுக்கு உருவ முடியாது, ஒவ்வொரு முறையும் ரைசரைக் கழற்ற வேண்டும். 10/22-இன் போல்ட் பின்பக்கமாக வெளியே வருவதில்லை. பின்பகுதி மூடியே இருக்கிறது. ஆகவே இந்தத் துப்பாக்கிக்கு உயர்ந்த ரைசர் எந்தத் தொல்லையும் தருவதில்லை.

பொருத்திய பிறகு துப்பாக்கியைத் திரும்ப ஸீரோ செய்தாக வேண்டும், அதாவது குறுக்குக்கோடு நிற்கும் இடத்திலேயே தோட்டா விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தாக வேண்டும். புதிய கட்டை, புதிய இறுக்கம், நகர்த்திய ஸ்கோப் என்று மூன்றும் சேர்ந்து மாறியிருக்கும்போது பழைய ஸீரோ அப்படியே இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கக்கூடாது. மேசையில் மணல்மூட்டை வைத்துத் தோட்டாக்களின் கூட்டத்தைப் பார்த்தால், மரக்கட்டையில் கிடைத்ததைவிடப் பெரிதாகச் சிறுத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மூட்டையில் வைத்துச் சுடும்போது கட்டையின் அருமை தெரியாது. துப்பாக்கியைத் தாங்குவது மூட்டை, உடம்பு அல்ல. முன்னேற்றம் தெரிந்தது உட்கார்ந்தும் படுத்தும் தோள்வாரோடு சுட்டபோதுதான். மகளின் தாளில் முன்பு மேலும் கீழுமாக நீண்டு விழுந்துகொண்டிருந்த துளைகள் உருண்டையாகச் சேரத் தொடங்கின. பக்கவாட்டுத் தவறுகள் அப்படியேதான் இருந்தன. அவை விசையை இழுப்பதில் உள்ள குறை, கட்டையால் தீராது. நின்று சுடுவதிலும் பெரிய மாற்றம் இல்லை.

குறைகளும் உண்டு. பாலிமரால் செய்த கட்டை உள்ளே கூடாக இருப்பதால், மேசையில் வைக்கும்போதும் தோள்வாரின் கொக்கி இடிக்கும்போதும் டப்பென்று ஒலிக்கிறது. மரத்தின் அடக்கம் இல்லை. கன்னப்பகுதி மேலே உயரும், ஆனால் பக்கவாட்டில் நகராது. தோள்முனையை மேலும் கீழும் ஏற்றி இறக்க வழியில்லை; சற்றுச் சாய்த்து வைக்கவும் முடியாது. தோள் எலும்பின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், நின்று சுடுவோருக்குத் தோள்முனையின் உயரம் நீளத்துக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிகளில் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் முதலிய நிறுவனங்களின் அலுமினியக் கட்டைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அவற்றில் கன்னத்தட்டு, தோள்தட்டு, கைப்பிடி என்று ஒவ்வொன்றும் நாற்புறமும் நகரும். சர்வதேச விதிகள் துப்பாக்கியின் மொத்த எடையை 5.5 கிலோவுக்குள்ளும், தோள்தட்டின் வளைவை 20 மில்லிமீட்டருக்குள்ளும் கட்டிவைத்திருக்கின்றன. மேக்புல் கட்டையை அவற்றோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் அளவு மாற்றக்கூடியது என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கிறார்கள் என்பதால், வாங்குபவர் எது எந்த அளவுக்கு மாறும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. முன்கட்டையின் அடியிலும் பக்கங்களிலும் எம்-லாக் துளைகள் உள்ளன. இருகால் தாங்கி, விளக்கு என்று மாட்டிக்கொள்ள விரும்புவோருக்கு அவை உதவும். எங்களுக்குத் தோள்வார்க் கொக்கி ஒன்றைப் பொருத்த மட்டுமே பயன்பட்டன.

ஒரே துப்பாக்கியைப் பலர் மாறி மாறிச் சுடும் வீடாக இருந்தால், தெற்கு டகோட்டாவின் மிட்செல் நகரிலுள்ள பாய்ட்ஸ் நிறுவனம் செய்யும் அட்-ஒன் கட்டையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஒட்டுமரத்தால் ஆனது. பொத்தானை அமுக்கி நீளத்தையும் கன்ன உயரத்தையும் திருப்புளி இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். கைப்பிடியையும் முன்பகுதியையும்கூட வேறு வடிவத்துக்கு மாற்ற முடியும். ஒட்டுமரம் என்பதால் கனம் அதிகம், அதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை நின்றுகொண்டு தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பதுதான் எங்களைத் தயங்கவைத்தது. கனத்தைப் பொருட்படுத்தாத பெரியவர்கள் மட்டும் சுடும் வீடு என்றால் நான் அதையே பரிந்துரைப்பேன். புதிதாகத் துப்பாக்கியே வாங்கப்போகிறவர்கள், ரூகரின் அமெரிக்கன் ரிம்ஃபயர் மாடலையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். அதன் கட்டையில் தாழ்ந்த, உயர்ந்த கன்னப்பகுதிகளையும் 12.5, 13.75 அங்குல நீளங்களையும் மாற்றிப் பொருத்திக்கொள்ளும் வசதி நிறுவனத்தாலேயே செய்யப்பட்டிருக்கிறது. அது தானாகத் தோட்டா ஏற்றாத, ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டிய துப்பாக்கி; பழகுகிறவர்களுக்கு அது ஒரு குறையன்று, ஒருவகையில் நன்மை.

எக்ஸ்-22 கட்டையை நான் 150 டாலருக்குள் வாங்கினேன். ரைசர் துண்டுகளுக்கு அதற்கு மேல் ஒரு சிறு தொகை. அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கி என்று கருதப்படுவது விசைக்கு மேலுள்ள உலோக உடற்பகுதிதான், கட்டை அன்று. ஆகவே உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக வர வேண்டிய தேவையின்றி நேரே வீட்டு வாசலுக்கே தபாலில் வந்துவிட்டது. சில மாநிலங்களில் நீண்டு சுருங்கும் கட்டைகளைப் பற்றித் தனி விதிகள் இருப்பதால், டெக்சாஸுக்கு வெளியே இருப்பவர்கள் தங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்ய வேண்டும். நம்மவர்களுக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் சுடுதல் பழகும் தம்பிக்கோ மருமகனுக்கோ பரிசாகக் கொடுக்கலாம், வெறும் பிளாஸ்டிக் துண்டுதானே என்று இதைப் பெட்டிக்குள் வைத்து விமானம் ஏறிவிடாதீர்கள். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதம் என்பதன் விளக்கத்திலேயே அதன் பாகங்களையும் சேர்த்திருக்கிறது. சென்னை விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் இது ரைசர், அது ஸ்பேசர் என்று விளக்கிக்கொண்டு நிற்க நேரிடும். அந்தத் தம்பிக்கு வேண்டியதை அவர் சேர்ந்திருக்கும் ரைஃபிள் கிளப்பின் வழியாக வாங்கிக்கொள்ளட்டும்.